அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு: பழைய வீட்டுக் கார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960-களிலிருந்து 1990-கள்வரை நம் ஊர்களில் நடுத்தரக் குடும்பங்கள் வைத்திருந்த சாதாரணக் கார்களைப் பற்றி இளையவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் இவை. அரண்மனைக் கார்கள், சினிமா நட்சத்திரங்களின் வெளிநாட்டுக் கார்கள் இதில் வராது. சேலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது அம்பாசிடர். பெரியப்பா வீட்டில் ஃபியட். தெருமுனை டாக்டரிடம் ஹெரால்டு. இந்த மூன்றுக்குள்தான் என் சிறுவயது ஓடியது.

அப்போது என்னென்ன கார்கள்தான் இருந்தன?

பெரும்பாலும் மூன்றுதான். அம்பாசிடரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பு அது. 1950-களின் கடைசியில் வந்து, 2014 மே மாதம்வரை ஓடிய தயாரிப்பு. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றேதான். முன்பக்க கிரில்லைப் பார்த்து இது எந்த மார்க் என்று சொல்வது எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு பந்தயம்.

ஃபியட் என்று எல்லோரும் சொன்னது பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்த 1100 காரை. 1970-களின் நடுவில் அதற்கு பிரீமியர் பத்மினி என்று பெயர் வந்தது. ஆனால் கம்பெனி என்ன பெயர் வைத்தாலும் எங்கள் வீடுகளில் அது கடைசிவரை ஃபியட்தான். 1,089 சிசி இன்ஜின், அம்பாசிடரைவிடச் சின்ன உடம்பு, நகரத்துக்குள் ஓட்ட இதமான வண்டி.

மூன்றாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

ஏன் அவ்வளவு குறைவான வகைகள்? காசு இருந்தும் உடனே வாங்க முடியாதா?

முடியாது. எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே அரசாங்க உரிமம் தேவைப்பட்ட காலம். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவு மூடியிருந்தது. 1970-களில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 50,000 கார்கூட வெளிவரவில்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். மகள் பிறந்தபோது பதிவு செய்த வண்டி அவள் பள்ளிக்கூடம் போகும்போது வந்தது என்று பேசிக்கொள்வார்கள். வண்டி கைக்கு வந்த அன்றே கூடுதல் விலைக்கு விற்று லாபம் பார்த்தவர்களும் உண்டு.

அதனால் பாதிப் பேர் வாங்கியது செகண்ட் ஹேண்ட். எங்கள் அம்பாசிடரும் அப்படித்தான். ஏற்கெனவே ஒருவர் கையில் நன்றாகப் பழகி, டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, புதுப் பெயிண்ட் வாசனையோடு வந்து நின்றது.

ஹெரால்டு உண்மையிலேயே மெட்ராஸ் காரா?

ஆமாம், அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி 1948-இல் மெட்ராஸில் தொடங்கியது. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், அப்புறம் 1961-இல் ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின்.

மற்ற கார்களில் பானெட் மூடி மட்டும்தான் தூக்கும். ஹெரால்டில் முன்பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். டாக்டர் வீட்டு வாசலில் மெக்கானிக் அப்படித் திறந்து வைத்தால் நாங்கள் விளையாட்டை விட்டுவிட்டுச் சுற்றி நிற்போம். அவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். இன்ஜினின் மூன்று பக்கமும் கை எட்டும். கார் என்பது உள்ளே என்ன என்று எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான்.

இன்னொன்று அதன் திருப்பம். முன்சக்கரங்கள் அநியாயத்துக்கு மடங்கித் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். அம்பாசிடர் முன்னும் பின்னும் போய்த் திரும்ப வேண்டிய எங்கள் சந்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் வந்துவிடும்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவு மட்டும்தான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில், இந்த மெட்ராஸ் தொழிற்சாலையில் மட்டுமே வந்தது. பின்சீட்டில் பாட்டி ஏற வேண்டிய வீடுகளுக்கு அதன் அருமை தெரியும். பிறகு அதே வண்டி கெஸல் என்று உருமாறியது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். வெளியுடம்பு புதிய ரோவருடையது, உள்ளே பழைய காலத்து இன்ஜின். விற்கவில்லை. 1988-ஓடு கம்பெனி மூடிவிட்டது. பிற்பாடு மறைமலை நகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பெரிய கார் தொழிற்சாலைகள் வந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பே மெட்ராஸில் கார் செய்தவர்களைப் பற்றி யாராவது பேசினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு அம்பாசிடரில் ஒன்பது பத்துப் பேர் போனதாகச் சொல்கிறார்களே, எப்படி?

முன்சீட் இரண்டாகப் பிரியாத ஒரே நீளப் பெஞ்சு. கியர் தண்டு தரையில் இருக்காது, ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும். ஹேண்ட் கியர் என்போம். அதனால் முன்னால் நடுவில் ஒருவர் காலை நீட்டி உட்காரலாம். அந்த நடு இடம் எனக்கு. பின்னால் நான்கு பெரியவர்கள், அவர்கள் மடியில் சின்னதுகள், காலடியில் தூக்குச்சட்டியும் தண்ணீர்க் கூஜாவும். டிக்கியில் படுக்கை உட்பட எல்லாம் அடங்கிவிடும்.

இரவில் நடு இடம் இன்னும் விசேஷம். டேஷ்போர்டின் மங்கலான மஞ்சள் வெளிச்சம், எதிரே லாரி வரும்போது அப்பாவின் இடது கால் தரையில் இருக்கும் டிம் பொத்தானை மிதிக்கும் டக் சத்தம். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன்.

சீட் பெல்ட் என்ற பேச்சே இல்லை. திடீர் பிரேக் அடித்தால் அம்மாவின் கை குறுக்கே வரும், அவ்வளவுதான் பாதுகாப்பு. இன்று யாரும் குழந்தையை அப்படி முன்னால் உட்கார வைக்கக் கூடாது. ஏக்கத்தோடு நினைப்பது வேறு, அதையே செய்வது வேறு.

மலை ஏறும்போது ஏன் எல்லா வண்டியும் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த நாளில் கோடை விடுமுறையில் போனால் பாதி வளைவுகளில் ஒரு வண்டியாவது ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். இதில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் உண்டு, பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

முதலாவது, ரேடியேட்டர் கொதிப்பது. இப்போதைய கார்களில் மின்விசிறி மோட்டாரில் தனியாகச் சுற்றும். அப்போது விசிறி பெல்ட் வழியாக இன்ஜினோடு கட்டுண்டது. ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து போகும், முகத்தில் அடிக்கும் காற்று குறைவு, இன்ஜினுக்கோ உச்ச உழைப்பு. உள்ளே கூலன்ட் கிடையாது, கிணற்றுத் தண்ணீர்தான். சேலத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களுக்குள் காரையாகப் படிந்து அடைத்துவிடும். மேலே போகப்போக தண்ணீர் கொதிக்கும் சூடும் குறைந்துவிடும். எல்லாம் சேர்ந்தால் மூடி குதிக்காமல் என்ன செய்யும்?

நின்றவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் பிடிவரை மட்டும் திருப்பி ஆவியை விட வேண்டும். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்டுவிடும்.

இரண்டாவது, பெட்ரோல் ஆவியாகிப்போவது. பெட்ரோலை இழுக்கும் பம்பு இன்ஜின் உடம்பிலேயே முடுக்கப்பட்டிருக்கும். சூட்டில் குழாய்க்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு திரவத்தை இழுக்க முடியாமல் வெறுமனே அடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் சரியாக இருக்கும், தண்ணீர் இருக்கும், வண்டி மட்டும் விக்கி விக்கி நின்றுவிடும். அதற்கு மருந்து ஈரத்துணி. அப்பா ஒரு பழைய காடாத் துணியை இதற்கென்றே டிக்கியில் வைத்திருப்பார். அதை நனைத்துப் பம்பின் மேல் சுற்றுவார். துணி தொட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பும், சூட்டில் துணியிலிருந்து இரும்பும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை வரும். காய்ந்ததும் என் கையில் தருவார், நான் ஓடையில் நனைத்துக்கொண்டு வருவேன். அக்கா சக்கரத்துக்குக் கல் வைப்பாள். அம்மா அந்த நேரத்தில் எல்லோருக்கும் புளியோதரையைப் பிரித்துவிடுவார். வண்டி கிளம்பும்போது எல்லோரும் ஆளுக்கொரு வேலை செய்திருப்போம்.

அந்தக் கார்கள் ஏன் இவ்வளவு நினைவில் நிற்கின்றன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். வீட்டில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்து வர அந்த வண்டி விடவில்லை.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதும் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் எதற்கு?

பேட்டரிக்காக. ஆரம்பகால வண்டிகளில் சார்ஜ் கொடுத்தது டைனமோ. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது போதுமான மின்சாரம் தராது. வண்டி நின்று உறுமினால் ஹெட்லைட் மங்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பிரகாசமாகும், கவனித்திருப்பீர்கள். இரவுப் பயணம் முடிந்த மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது.

தள்ளுவதென்றால் சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு, வேகம் வந்ததும் பட்டென்று விட வேண்டும். முதல் கியரில் விட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குதித்து நின்றுவிடும். தெருவே வந்து தள்ளும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, செல்ஃப் முனகும் சத்தம் கேட்டாலே திண்ணையிலிருந்து எழுந்து வருவார்கள்.

ஹேண்டில் வேலை பெரியவர்களுடையது. பம்பர் பக்கம் ஓட்டையில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று சித்தப்பா முதலில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கம்பி திரும்பி அடிக்கும், வளைத்துப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும்.

ஏசி இல்லாமல் வெயிலில் எப்படிப் போனீர்கள்?

முன்கதவுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் ஓடும் காற்று நேராக மார்பில் அடிக்கும். அதை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் வருத்தம்தான். ரெக்சின் சீட் வெயிலில் தொடையைச் சுட்டுவிடும், அதனால் டர்க்கி டவல் உறை. வாந்தி வரும் பிள்ளைக்கு ஜன்னலோரமும் கையில் ஒரு எலுமிச்சம்பழமும். மத்தியான வெயிலில் சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டால் மூன்று மணிவரை யாருக்கும் அவசரம் இருக்காது.

பெண்கள் ஓட்டினார்களா?

ஓட்டினார்கள், குறைவுதான். பவர் ஸ்டீயரிங் இல்லாத அம்பாசிடரை நின்ற இடத்தில் திருப்ப நல்ல தோள்வலு வேண்டும். ஃபியட் எளிது. எங்கள் அத்தை பெரியப்பாவின் ஃபியட்டில்தான் கற்றுக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓட்டுவார். தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்ட் என்ற தொடுமுனை கரி பிடித்து வண்டி அடைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு அவரே தேய்த்துச் சரி செய்வார். எங்கள் குடும்பத்தில் யார் சிறந்த டிரைவர் என்ற கேள்விக்கு இன்றும் பதில் அத்தைதான்.

புது வண்டிக்குப் பூஜை எப்படி நடக்கும்?

இன்றைக்கு நடப்பது மாதிரிதான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம் குங்குமம், பூசணிக்காய், கற்பூரம். சென்னையில் வாங்கியவர்கள் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப்போய் மாலை போட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டி கழுவுவது பிள்ளைகளின் வேலை. மறுநாள் வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுக்குத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் உண்டு.

மாருதி 800 வந்தபோது என்ன ஆனது?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதியின் சாவியை டெல்லிக்காரரான ஹர்பால் சிங்கிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. எங்கள் தெருவில் முதல் மாருதி வந்தபோது எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை, "சத்தமே இல்லையே!" காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. மலையேறினால் கொதிக்கவில்லை. பெட்ரோலும் குறைவாகக் குடித்தது.

அம்பாசிடர் வைத்திருந்த பெரியவர்கள் "தகர டப்பா" என்றார்கள். அதே பெரியவர்கள் சில வருடத்தில் பதிவு செய்யப் போய் வரிசையில் நின்றார்கள். ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போன குடும்பங்கள் காருக்கு மாறியது அந்த வண்டியால். இப்போது நாற்பதைத் தாண்டிய பலருக்கு முதல் கார் நினைவு என்றால் மாருதிதான், அம்பாசிடர் இல்லை. அவர்கள் ஏக்கமும் எங்கள் ஏக்கத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பும் நின்றது, அம்பாசிடர் நின்ற அதே வருடம்.

யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உண்மையா?

உண்மை. அங்கே வீட்டுக் கார் என்றால் மோரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ40-யும். 1990-இல் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் வருவது தடைபட்டது. கிடைத்த சொற்பப் பெட்ரோலை கார்புரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய இன்ஜின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. கரும்புகை வரும், இன்ஜின் தட்டும், ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாங்கள் சுற்றுலா போன காரைப் பற்றி ஏங்கும்போது, அதே வயதுக் காரை அவர்கள் எதற்கெல்லாம் நம்பியிருந்தார்கள் என்பதையும் நினைக்கிறேன்.

நேர்மையாகச் சொல்லுங்கள், அவை நல்ல கார்களா?

பிரேக் சுமார். மழையில் வைப்பர் நம்ப முடியாது. கதவு இடுக்கில் தண்ணீர் ஒழுகும். விபத்தில் ஸ்டீயரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு வரும். இன்று ஒரு குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் நம் மண்சாலைக்கும் குண்டு குழிக்கும் அம்பாசிடரின் சஸ்பென்ஷன் ஈடுகொடுத்த மாதிரி அப்போது வேறெதுவும் கொடுக்கவில்லை. எந்த ஊரில் நின்றாலும் ஒரு மெக்கானிக் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சரி செய்வார். பத்து வருடம் ஓடிய வண்டியை ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து, இன்னொரு பத்து வருடம் ஓட்டினார்கள். இந்த குணம் இப்போதைய கார்களில் இல்லை.

இப்போது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

ஆசை இருந்தால் தாராளமாக. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் சாமான் தேட சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் நல்ல ஆரம்பம். ஹெரால்டு கொஞ்சம் சிரமம், கண்ணாடியும் டிரிம்மும் கிடைத்தபோதே வாங்கி வைக்க வேண்டும்.

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸ், பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு எல்லாம் அதில் ஊறிக் கெட்டுவிடும், எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்வது நல்லது. இரண்டு, ஆர்.சி. என்ற பதிவுச் சான்று. தனியார் கார்ப் பதிவு 15 வருடம்தான், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியும் விதி 2021-இல் வந்தது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

வாங்க வசதியில்லை, நேரில் பார்க்க வேண்டும்?

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பிள்ளைகளோடு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டி தேவைப்படாது, அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள்.

தாத்தா வைத்திருந்த காரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முயற்சி செய்யலாம். 1989-க்கு முந்தைய வண்டி என்றால் டிஎன் 01 போன்ற இப்போதைய வரிசை இருக்காது, மூன்று எழுத்தும் பின்னால் எண்ணும்தான். அந்தப் பழைய எண்களில் பல இணையத்தில் தேடினால் வராது. பழைய ஆர்.சி. புத்தகமோ இன்ஷூரன்ஸ் தாளோ பீரோவில் கிடைத்தால் அதில் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வண்டி முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். யாரிடம் விற்றார்கள் என்று வீட்டில் மூத்தவர்களிடமும், அப்போது வேலை பார்த்த மெக்கானிக் இருந்தால் அவரிடமும் விசாரியுங்கள். மெக்கானிக்குகள் உரிமையாளரை மறந்தாலும் வண்டியை மறப்பதில்லை. எங்கள் வண்டி ஆத்தூர்ப் பக்கம் ஒரு வாடகை ஸ்டாண்டில் ஓடியதுவரை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.